பரீட்சை லிஃப்டைப் பழுதுபார்த்தவர்

பிப்ரவரி 11

என் அருமை மருமகளே, அக்கா பெற்ற அணுகுண்டே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய். அடுப்பில் கேக்கை வைத்துவிட்டுப் படித்தால் கேக் கரியாகிவிடும், வாடிக்கையாளர் என்னைச் சபிப்பார். நான் இப்போது சொல்லப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பப்போவதில்லை. உன் அம்மா முதல் வரியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள். இருந்தாலும், இந்த ஊரின் அத்தனை லிஃப்டுகளையும் மேலே ஏற்றிக் கீழே இறக்கிய உன் தாய்மாமன், வலது கையில் ஸ்பேனரை உயர்த்திப் பிடித்துச் சத்தியம் செய்கிறேன்: வருவதெல்லாம் உண்மை.

போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ சிரித்துவிடுகிறாய். காகிதம் மரியாதை தெரிந்தது, குறுக்கே பேசாது.

பரிசோதகர் பரீட்சையில் உன் மாமன் மறுபடியும் ஃபெயில்.

அழாதே. நான் அழவில்லை. நான் கொதிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என் தலைமேல் பாத்திரம் வைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு போகிறார்.

நடந்ததைக் கேள். பரீட்சைக் கூடத்தில் ஒரு லிஃப்ட். அரை மணி நேரம் என்னையும் அதையும் தனியாக விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். நான் அதைச் சோதித்து, 'ஓடலாம்' அல்லது 'ஓடக்கூடாது' என்று காரணத்தோடு எழுதித்தர வேண்டும். நான் உள்ளே போய்ப் பார்க்கிறேன், அந்த லிஃப்ட் என்னைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறது! கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மேலே கிளம்புகிறது. பிரேக் ஸ்பிரிங் அது பாட்டுக்குத் தொளதொளவென்று கிடக்கிறது. அபாய மணியை அமுக்கினால் சத்தமே இல்லை, வயரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு ஜீவனைத் துன்பத்தில் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுத நான் என்ன கல்நெஞ்சனா? பையைத் திறந்தேன். கதவுப் பூட்டைச் சரிசெய்தேன், ஸ்பிரிங்கை இறுக்கினேன், வயரை மாட்டினேன். மணி அடித்த சத்தத்தில் பக்கத்து ஊரில் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். அப்புறம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'குறை எதுவும் இல்லை. ஓடலாம்.'

தேர்வாளர் வந்தார். அவருக்கு நான் 'இஸ்திரி' என்று பெயர் வைத்திருக்கிறேன். சட்டை மடிப்பில் தக்காளி நறுக்கலாம். லிஃப்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல மூணு குறை வச்சிருந்தோமே, எங்க?"

"சரி பண்ணிட்டேன் சார்!"

மருமகளே, அந்த ஆள் எனக்கு மாலை போட்டிருக்க வேண்டும். முட்டை போட்டார். நூற்றுக்குப் பூஜ்யம்! அவர்களே வேண்டுமென்று வைத்த பழுதாம், நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம், தொடக்கூடாதாம். டாக்டர் பரீட்சைக்குப் போனவன் நோயாளியைக் குணப்படுத்திவிட்டால் ஃபெயிலா? இது என்ன நியாயம்? எந்தக் கோர்ட்டில் கேட்பது?

மூன்று தடவைதான் எழுதலாம் என்பது விதி. போன வருஷம் ஒன்று போயிற்று, இது இரண்டு. இன்னும் ஒன்றுதான் பாக்கி. நான் எதற்காக இந்தப் பரீட்சைக்கு நாயாய் அலைகிறேன் என்பது உனக்குத் தெரியும். மெக்கானிக் நாள் முழுக்க எண்ணெயில் குளிக்கலாம், ஆனால் 'ஓடக்கூடாது' என்று கையெழுத்துப் போட்டு ஒரு லிஃப்டை நிறுத்தப் பரிசோதகரால்தான் முடியும். அந்தத் துணிக்கடை லிஃப்டை, மேலே மெஷின் ரூமுக்கு ஏறிக்கூடப் பார்க்காமல், சென்ட் வாசனையோடு காரில் வந்து 'ஓடலாம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனானே ஒருவன். அடுத்த மாதமே அது இரண்டாம் மாடியிலிருந்து அடிக் குழியில் போய் விழுந்தது. உள்ளே நின்ற என் கூட்டாளி நெட்டையின் இடுப்பும் காலும் போயின. அந்தப் பேனா என் கையில் இருந்திருந்தால்!

கையில் இல்லை. இஸ்திரி கையில் இருக்கிறது. நீதான் எனக்காகக் கோபப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஏற்ற இறக்கங்களின் சக்கரவர்த்தி, மெஷின் ரூம் சிங்கம்,
உன் மாமா


பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் காய்ச்சுவதிலிருந்து தெரிகிறது. அம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை, கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "இவன் வேணும்னே பண்றான்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்காகக் கோபப்படு என்று எழுதியிருந்தீர்கள். படுகிறேன். உங்கள்மேல்.

ஒன்று கேட்கிறேன், சுற்றிவளைக்காமல் பதில் சொல்லுங்கள். அந்தத் தாளில் என்ன கேட்டிருந்தது? 'குறைகளை எழுதவும்' என்றுதானே? மூன்று குறையும் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததை எழுதுவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? எழுதிவிட்டுப் பிறகு ஆசை தீரப் பழுது பார்த்திருக்கலாமே. ஏன் எழுதவில்லை?

போன வருஷம் எழுத்துப் பரீட்சைக்குப் போனீர்கள். அந்தக் கட்டடத்து லிஃப்டில் 'கீச்' என்று ஒரு சத்தம். உடனே இறங்கி, காவலாளியிடம் ஏணி வாங்கி, மேலே ஏறி, அதற்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்து பார்த்தால் கேள்வித்தாள் கொடுத்து முடித்திருந்தார்கள். அந்த லிஃப்டில் எத்தனை வருஷமாக எத்தனை பேர் போய்வந்திருப்பார்கள், ஒருவர் காதிலும் விழாத கீச், பரீட்சை நாளில் உங்கள் காதில் மட்டும் ஏன் விழுந்தது?

அதற்கு முந்தின கதையையும் சொல்லட்டுமா? அம்மா பார்த்துவைத்த அந்த ஆசிரியை. ஹோட்டலில் காபிக்குச் சந்திக்கப் போனீர்கள். சமையலறையிலிருந்து தட்டுகள் மேலே ஏறும் குட்டி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவுதான், கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்துவிட்டீர்கள். எனக்கு அத்தை ஆகியிருக்க வேண்டியவர் தனியாக இரண்டு காபி குடித்துவிட்டு எழுந்து போனார். நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'ஆனால் அன்று நூறு பேருக்குச் சூடாகச் சாப்பாடு போயிற்று' என்று பெருமையாக முடித்திருக்கிறீர்கள்.

உங்களைத் தோற்கடிக்க இஸ்திரி எதற்கு மாமா? நீங்களே போதும். அதுவும் எப்படி, யாரும் குறை சொல்ல முடியாதபடி. குடித்துவிட்டுப் போகாமல் இருந்தால் திட்டலாம், தூங்கிவிட்டால் திட்டலாம். நீங்களோ யாருக்காவது உதவி செய்துகொண்டே தோற்கிறீர்கள். திட்டுகிறவள்தான் கெட்டவள் ஆகிறாள். ஆகட்டும்.

உங்களுக்கு 'கூடாது' என்று எழுதப் பயம். அதுதான் விஷயம்.

அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நானும்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 26

மதிப்பிற்குரிய, கனம் பொருந்திய, சர்க்கரையில் பூ செய்யத் தெரிந்ததால் சகலமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மருமகள் அவர்களுக்கு,

பயமா? எனக்கா?

பதினோராவது மாடியில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் நான். கீழே போன புறா என்னைப் பார்த்து மயங்கி விழுந்தது. இருட்டு மெஷின் ரூமில் எலிப் படையோடு பேச்சுவார்த்தை நடத்தி எல்லை பிரித்துக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்து, கேக்குக்குக் கிரீம் தடவுகிறவள், பயம் என்கிறாள்! உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினேனே, அந்தத் தோள் இன்று கேட்கிறது: 'இவளுக்காகவா வலித்தேன்?'

கேட்டுக்கொள். உலகத்தில் இரண்டு ஜாதி. ஒன்று, கையை அழுக்காக்கி ஓடவைக்கிறவன். இன்னொன்று, கையைக் கட்டிக்கொண்டு 'இது சரியில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறவன். நான் முதல் ஜாதி. அதில் எனக்கு வெட்கம் இல்லை. யாராவது வந்து "கொஞ்சம் பாருங்களேன்" என்றால் பார்ப்பேன். பார்க்காமல் போகத் தெரியாது. அதற்குப் பெயர் பயம் என்றால், ஆமாம், நான் பயந்தாங்கொள்ளிகளின் தலைவன், எனக்கு ஒரு சிலை வையுங்கள்.

மூன்றாம் முறை எழுதுவதாக இல்லை. பாக்கியிருக்கும் ஒரு வாய்ப்பை அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். இஸ்திரி நிம்மதியாகச் சட்டை மாட்டட்டும். நீயும் நிம்மதியாக இரு. உன் அம்மாவுக்கு மட்டும் என் அன்பு. உனக்கு இல்லை.

இப்படிக்கு,
மானமுள்ள மாமா


மார்ச் 9

மாமா,

போன புதன்கிழமை உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு ஹோட்டல் திறப்பு விழாவுக்குக் கேக் கொடுக்க. உங்களைப் பார்க்காமல் திரும்பினேன். அன்பு இல்லை என்று எழுதிவிட்டீர்களே, வீட்டில் டீ மட்டும் கிடைக்குமா என்ன?

ஆனால் ரயிலுக்கு நேரம் இருந்தது, ஸ்டேஷன் பக்கத்தில் நெட்டை அண்ணனின் சாவிக் கடைக்குப் போனேன். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஒரு பெட்டிமேல் நீட்டிவைத்துக்கொண்டு சாவி அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"உங்க மாமா சௌக்கியமா? எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறான்மா. வருவான், கடையில ஷட்டர் சரியா எறங்கலைன்னு எண்ணெய் போடுவான், போயிடுவான். ஷட்டர் நல்லாத்தான் இருக்கு."

பரீட்சைக் கதையைச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில் இடுப்பு வலித்து "அம்மா" என்று பிடித்துக்கொண்டார்.

"அவனப் பத்தி எனக்குத் தெரியாதா? அந்தத் துணிக்கடை முதலாளி என்ன, மோசமான ஆள் இல்ல. பிரேக்கை மாத்தணும்னு இவன் சொன்னப்பல்லாம், 'சீசன் முடியட்டும் தம்பி, அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக் குடு'ம்பாரு. இவனும் இறுக்கிக் குடுப்பான். அடுத்த மாசம் மறுபடி. அவ்ளோ நல்லா இறுக்குவான்மா. வேற எவனாவது மொக்கையா செஞ்சிருந்தா முதல் மாசமே நின்னுபோய் புதுசு மாத்தியிருப்பாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சென்ட்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவனைத் திட்ட வேண்டியதுதான், நானும் திட்டுகிறேன். ஆனால் அவன் வந்தது ஒரு நாள். மாதாமாதம் இறுக்கிக் கொடுத்தது யார் மாமா?

இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் நானும் உங்களைப் போலத்தான். 'கொஞ்சம் பார்த்து'ப் பேசி, சிரித்து, இன்னும் ஒரு வருஷம் ஓட்டிக் கொடுத்திருப்பேன்.

தானம் செய்கிறீர்களோ, எழுதுகிறீர்களோ, உங்கள் இஷ்டம்.

உங்கள் மருமகள்


மார்ச் 30

கடிதம் வந்தது. படித்தேன்.

மாமா


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வாரம் கழித்து ஒரு அட்டை. அதில் மூன்று சொல். பட்டம் இல்லை, சிங்கம் இல்லை, புறா மயங்கவில்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்னன்னு கேளு" என்றாள்.

திட்டி எழுதுங்கள் மாமா. கேக் வெந்தது போதாது, மாவு சரியில்லை, நான் பிறந்ததே தப்பு என்று எதையாவது எழுதுங்கள். நான் எழுதியது தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்துவிட்டு நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் கிரீம் திரிந்துபோகிறது.

அம்மா ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருக்கிறாள். கை ஒன்று நீளம். மடித்துவிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மருமகள்


ஜூன் 14

என் அருமை மருமகளே, கிரீமைக் காட்டி என்னை அழவைத்த கொடுங்கோலியே,

ஸ்வெட்டர் வந்தது. ஒரு கை நீளமில்லை, மூன்றாவது கைக்கும் சேர்த்துப் பின்னியிருக்கிறாள் என் அக்கா. லிஃப்ட் குழியில் ஏதாவது விழுந்தால் மேலே நின்றபடியே அந்தக் கையை விட்டு எடுத்துவிடுகிறேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. அட்டை எழுதிப் போட்ட மறுநாளே இஸ்திரியைச் சண்டைக்கு இழுப்பதென்று கிளம்பிப் போனேன். வழியில் நான் நடந்த வேகத்தில் மூன்று மரம் சாய்ந்தது. அவர் மேஜைமேல் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அது நிலநடுக்கக் கருவியில் பதிவாயிற்று.

"என்ன தப்பு சார் பண்ணேன்? ஓடாத லிஃப்டை ஓட வச்சது தப்பா?"

அந்த மனுஷன் எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"சார், உங்கள மாதிரி மெக்கானிக்கை நான் பார்த்ததே இல்ல. ஆனா எனக்கு இன்னொரு மெக்கானிக் வேணாமே. நீங்க பாட்டுக்கு சரி பண்ணிட்டு 'குறை இல்லை'ன்னு எழுதிட்டீங்க. அந்தக் கட்டடத்துக்காரனுக்கு, குறை இருந்துச்சுங்கறதே தெரியாதே. அவன் எப்ப மாத்துவான்?"

நீ எழுதியதையே, உன்னைவிட நல்ல சட்டை போட்டுக்கொண்டு சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்குப் போகாமல் நேராக நெட்டை கடைக்குப் போனேன். ஷட்டரைத் தொடவில்லை. உட்கார்ந்தேன். அவன் ஒரு சாவியை அறுத்து முடித்தான். அப்புறம் கேட்டேன்.

"நீ முதலாளியா இரு. நான் பரிசோதகன். என்னைக் கெஞ்சு. நான் மாட்டேங்கணும். பழகணும்டா."

"எனக்கு இதுல என்ன கிடைக்கும்?"

"டீ."

அன்று ஆரம்பித்த கூத்து. நான் பராமரிக்கும் கட்டடங்களில் ஒன்றொன்றாகப் போய், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு வந்து, என்ன குறை, ஓடலாமா கூடாதா என்று நெட்டையிடம் ஒப்பிக்க வேண்டும். அவன் முதலாளியாக மாறிக் கெஞ்சுவான். மருமகளே, இந்த நெட்டை சாவிக் கடையில் உட்கார்ந்திருப்பது நாடக உலகத்துக்குப் பேரிழப்பு. முதல் வாரம், "ஐயா, எங்கம்மாவுக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது, ரெண்டே நாள் ஓடட்டுமே" என்று மூக்கை உறிஞ்சினான். என் கை தானாகப் பையைத் திறந்தது. ஊன்றி நடக்கும் தடியால் என் முட்டியில் ஒன்று போட்டான்.

"இப்ப உனக்கும் மூட்டுவலி. எழுது!"

எழுதவில்லை. அன்றைக்கு ஃபெயில். அடுத்த வாரம், கல்யாணம் நின்றுபோகும் என்றான், ஃபெயில். அதற்கடுத்த வாரம் ஒன்றுமே பேசாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். எனக்கு யாராவது முகம் வாடினால் போதும், என் வீட்டு லிஃப்டையே கழற்றிக் கொடுத்துவிடுவேன். என் வீட்டில் லிஃப்ட் கிடையாது என்பது வேறு விஷயம். அந்த வாரமும் ஃபெயில். இப்படி நான் தோற்ற பரீட்சைகளுக்கெல்லாம் ரிசல்ட் அனுப்புவதென்றால் சர்க்கார் இன்னொரு தபால் ஆபீஸ் திறக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் கை பைக்குப் போகிறது என்று நெட்டை கவனித்துச் சொல்வான். "குறையைச் சொல்றப்ப நல்லாத்தான் இருக்க. என் மூஞ்சியைப் பாக்கறப்பதான் விழற. குறையைச் சொல்லிட்டு லிஃப்டையே பாரு, என்னைப் பாக்காத" என்றான். அதைச் செய்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகத்தைப் பார்த்தே சொல்ல வந்தது.

ஒரு நாள் அவன் உருண்டு புரண்டு அழுதான், சாவிக் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது, ஒரு போலீஸ்காரர்கூட எட்டிப்பார்த்தார். நான் சொன்னேன்: "கூடாது."

நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்ப டீ வாங்கு" என்றான்.

நேற்றுப் பரீட்சை. பையை நெட்டையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். எனக்கு நம்பிக்கையில்லாமல் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டச் சொன்னான். ஏழு திருகாணி, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், உன் சின்ன வயசுப் பம்பரம் ஒன்று வந்து விழுந்தன.

இந்தத் தடவை வைத்த குறைகள் போன தடவையைவிட நுணுக்கம். லிஃப்ட் தளத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. ஆபத்தென்றால் லிஃப்டை நிறுத்த வேண்டிய குழிச் சுவிட்சைக் கம்பியால் கட்டி ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். பிரேக் கட்டை தேய்ந்து காகிதமாக இருந்தது, அந்தத் துணிக்கடையில் இருந்த மாதிரியே. என் விரல்கள் பத்தும் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தன. கையை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு, பேனாவைப் பிடித்து, எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் 'ஓடக்கூடாது' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். படிக்கலாம்.

இஸ்திரி வந்து படித்தார். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒரு பிரேக் கட்டைதானே சார், இறுக்கிவிட்டா ஓடாதா?"

"ஓடும்."

"அப்புறம்?"

"அதனாலதான் கூடாது."

பாஸ்! இடி இடித்தது, மேகத்திலிருந்து பூ விழுந்தது, பரீட்சை லிஃப்ட் என் காலில் விழுந்து ஆசி வாங்கியது, இஸ்திரியின் சட்டையில் முதன்முறையாக ஒரு சுருக்கம் விழுந்தது. ஒரே வரியில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ நம்பமாட்டாய்.

இப்படிக்கு,
அரசாங்க முத்திரை பெற்ற பரிசோதகர், ஏறுமுகப் பேரரசர், இறங்குமுகத்துக்கும் அவரே பொறுப்பு,
உன் மாமா


ஆகஸ்ட் 23

பரிசோதகர் அவர்களுக்கு,

பாஸான செய்திக்கு நான் செய்து அனுப்பிய கேக் லிஃப்ட் வடிவத்தில் இருந்தது ஞாபகம் இருக்கும். கதவுகூடத் திறந்து மூடியது. அதைச் சாப்பிட்ட வாயோடுதான் திங்கட்கிழமை எங்கள் கட்டடத்துக்கு வந்து, எங்கள் லிஃப்டுக்குச் சீல் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நான் வெண்ணெய் வாங்கக் கிளம்பி வெளியே வந்து பார்க்கிறேன், லிஃப்ட் கதவில் சிவப்பு அட்டை: 'ஓடக்கூடாது.' கீழே கோணல் கையெழுத்து. யாருடையது என்று எனக்கா தெரியாது?

நான் ஆறாவது மாடி மாமா. செவ்வாய்க்கிழமை நான்கு அடுக்குக் கேக் ஒன்று. நானும் என் கணவரும் ஆளுக்கு இரண்டு அடுக்காகத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி இறங்கினோம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் எதிரே ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சர்க்கரை ரோஜா ஒன்று போயே போய்விட்டது. அந்தச் சைக்கிள்காரர் தாடியில் இருந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்! ஊருக்கு வந்தவர், வீட்டுக்கு வரவில்லை, ஒரு போன் இல்லை. கீழே நின்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் மட்டும் பேசிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த மனுஷன் இப்போது எல்லாரிடமும் "அவங்க மாமாதான் சீல் வச்சாரு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நாலாவது மாடிக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. ஐந்தாவது மாடிக்காரர் பேசுகிறார், அது அதைவிட மோசம்.

உங்களுக்கு அது ஒரு மணி நேர வேலை. யாருக்கும் தெரியாமல் பையைத் திறந்து ரெண்டு இறுக்கு இறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஊரில் உள்ள லிஃப்டுக்கெல்லாம் இரக்கப்பட்டவர், பரீட்சையைத் தொலைத்துவிட்டுப் பழுது பார்த்தவர், சொந்த மருமகள் வீட்டு லிஃப்டை மட்டும்

இந்த வரியை இப்படியே விடுகிறேன். எழுதிக்கொண்டே வரும்போது, யாரிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்கே கேட்டுவிட்டது. கிழித்துப் போட்டிருக்கலாம். கோபம் நிஜம், அதனால் அனுப்புகிறேன். கால் வலிக்கிறது.

மருமகள்


ஆகஸ்ட் 30

என் அருமை மருமகளே, சர்க்கரை ரோஜா இழந்த வீராங்கனையே,

உன் கடிதம் வந்தபோது அதிலிருந்து புகை வந்தது. தபால்காரர் அதைக் குறடால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். நியாயமான கோபம். தாடிக்காரரிடம் ரோஜாவை வாங்காமல் விட்டது மட்டும் தப்பு.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். முதலில், அந்தக் கட்டடத்தில் என் மருமகள் இருக்கிறாள், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று ஆபீசில் சொன்னேன். "கட்டடம் அவங்களோடதா? இல்லையே, போங்க" என்றார்கள். போனேன். மெஷின் ரூமுக்கு ஏறிப் பார்த்தால், லிஃப்டைத் தாங்கும் ரோப்பில் இழைகள் அறுந்து முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. அது ஓடிய சக்கரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அதில்தான் நீ தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாய், நான்கு அடுக்குக் கேக்கோடு.

உங்கள் செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐயோ, அந்த மனுஷனின் புலம்பல்! அவர் விட்ட கண்ணீரில் லிஃப்ட் குழி நிரம்பி, மீன் பிடிக்க ஆள் வந்துவிட்டார்கள். நாலாம் மாடியார் படை திரட்டினார்கள். ஐந்தாம் மாடியார் பால்கனியிலிருந்து பீரங்கி விட்டார். நான் ஸ்பேனர் இல்லாமல், வெறும் பேனாவோடு, தனி ஒருவனாக வாசலில் நின்று சண்டையிட்டேன். செயலாளர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"கொஞ்ச நாள் ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க சார். ரோப் அடுத்த வருஷம் கண்டிப்பா மாத்திடறோம். உங்க மருமகளுக்கும் கஷ்டம்தானே?"

பார்த்தாயா, உன்னைத்தான் எடுத்து வீசினார். அவருக்கு அந்த 'அடுத்த வருஷம்' வரவே வராது என்று எனக்குத் தெரியும். அட்டையை மாட்டினேன், கையெழுத்துப் போட்டேன். அதன் சத்தம் ஏழு ஊருக்குக் கேட்டது. புது ரோப்புக்கு ஆர்டர் போய்விட்டதாம். நேற்று செயலாளரே போன் பண்ணித் திட்டிக்கொண்டே சொன்னார்.

அப்புறம் நான் புலிபோலப் பாய்ந்து, ஒரே மூச்சில் ஆறு மாடி தாவி ஏறினேன். இடையில் இரண்டு மாடியைத் தொடக்கூட இல்லை. உன் வீட்டு வாசலில் போய் நின்றால், உள்ளே கிரீம் அடிக்கும் மெஷின் சிங்கம்போலக் கர்ஜிக்கிறது. வெனிலா வாசனை என்னைத் தூக்கி எதிர்ச் சுவரில் அடித்தது. நீ ஏதோ பாட்டை ராகம் கெடுத்துப் பாடிக்கொண்டிருந்தாய். மணியை நோக்கி என் விரல் போயிற்று. நீ கதவைத் திறந்து, விஷயம் தெரிந்து, முகம் வாடி நின்றால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நெட்டை தடியோடு பக்கத்தில் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். இறங்கிப் போய்விட்டேன். நீ வெண்ணெய் வாங்க அதற்கப்புறம்தான் கிளம்பியிருப்பாய்.

கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ரோப் மாட்டி முடித்ததும் மறுபடி சோதனைக்கு வருகிறேன். அன்றைக்கு மணியடிப்பேன்.

நிஜத்தில் பீரங்கி கிடையாது, மீன் கிடையாது, புலி கிடையவே கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினேன். உன் வாசலில் நின்றது மட்டும் நடந்தது.

உன் மாமா